சில்லுக்கதிரையில் பதினைந்து நிமிடம்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் கண்டுபிடித்த பெருமை உங்களுக்குப் போய்விடும். நானே சொன்னால் ஒப்புக்கொண்ட பெருமையாவது எனக்கு மிஞ்சும். நல்ல கால்கள் இரண்டை வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் சில்லுக்கதிரையில் இருந்து, அலுவலகக் கழிப்பறை வாசலில் இறுகி, முழங்கையைத் தேய்த்து, எல்லோருக்கும் முன்னால் தேம்பி அழுது, அதற்கு ஒரு சான்றிதழும் வாங்கியவன் நான். அதோடு நின்றிருந்தால் வெறும் மடையன் என்று விட்டிருக்கலாம். அழுத கண் காய முன்னம் பேனையை எடுத்து ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தேன். அதுவும் அவருக்கு நன்மை செய்கிறேன் என்ற நினைப்பில்.

இது நடந்தது வலிகாமத்தில் ஓர் அரச அலுவலகத்தில். எது என்று கேட்க வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரித்தான்: மஞ்சள் சுவர், நீல யன்னல், வாசலில் ஒரு வேம்பு, வேம்பின் கீழே எப்போதோ பழுதான ஒரு வாகனம். அங்கே நான் முகாமைத்துவ உத்தியோகத்தர். பெயரைக் கேட்டால் எதையோ முகாமை செய்பவன் போலத் தோன்றும். உண்மையில், வரும் கடிதத்தைக் கோவைக்குள் போட்டு, பக்க இலக்கம் இட்டு, கீழே ஒரு குறிப்பு எழுதி, மேலே அனுப்புவதுதான் வேலை. இருபத்திரண்டு வருடங்களாகக் குறிப்பு எழுதுகிறேன். அதில் ஒரு கெட்டித்தனம் வந்துவிடும். ஓம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல், வாசிக்கிறவருக்குத் தலையிடி மட்டும் வரும்படி எழுதப் பழகிவிடுவோம்.

பண்டத்தரிப்பிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறேன். அந்த மோட்டார் சைக்கிளையும் இங்கே அறிமுகப்படுத்தவேண்டும். மத்தியானம் வரை வெயிலில் நின்றால் அதன் இருக்கையில் தோசை சுடலாம். ஆகவே அதற்கு நிழல் தேவை. சில வருடங்களுக்கு முன், சில்லுக்கதிரையில் வருவோர் ஏறுவதற்கென்று அலுவலக வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப்பாதை கட்டினார்கள். சீமெந்து காய்ந்த மறுநாள் அதில் முதன்முதலாக ஏறி விறாந்தைக்குப் போனது என் மோட்டார் சைக்கிள்தான். விறாந்தையின் கிழக்கு மூலை நல்ல குளிர்ச்சி. முன்பு அந்த மூலையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மேசை போட்டு, வருகிற சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து வந்தார். அவர் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். மேசை களஞ்சிய அறைக்குப் போனது. மூலைக்கு என் மோட்டார் சைக்கிள் வந்தது. சனம் படிவங்களைத் தாங்களாகவே நிரப்பத் தொடங்கி, தகப்பன் பெயர் கேட்ட இடத்தில் காணியின் பெயரையும், காணியின் பெயர் கேட்ட இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிய முறைப்பாட்டையும் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அந்த மூலையைக் கேட்டுத்தான் விண்ணப்பம் வந்தது. அனுப்பியவர் மானிப்பாய்ப் பக்கத்துப் பெண், வயது முப்பத்திரண்டு. ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு இரண்டு கால்களும் வழங்காமல் போய்விட்டன. அன்றுமுதல் சில்லுக்கதிரை. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. "விறாந்தையின் கிழக்கு மூலையில் மூன்றடிக்கு இரண்டடி மேசை ஒன்று வைத்து, பொதுமக்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க அனுமதி தந்துதவவும். கதிரை தேவையில்லை, என்னிடம் உண்டு" என்று எழுதியிருந்தது. கடைசி வரியை வாசித்துச் சிரித்தேன். எங்கள் அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டு அவருக்கும் வாசித்துக் காட்டினேன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப உம்மடை மோட்டச்சைக்கிள் எங்கை நிக்கும், தம்பி?" என்றார்.

அந்த ஒரு கேள்வியோடு விண்ணப்பம் என் மேசை லாச்சிக்குள் போய்விட்டது.

அந்தப் பெண் இரண்டு மூன்று முறை வந்து விசாரித்தார். ஓட்டோவில் வருவார். ஓட்டோக்காரர் கதிரையை இறக்கி விரித்துவிடுவார். இவர் அதை உருட்டிச் சாய்வுப்பாதையால் ஏறி என் யன்னலடிக்கு வருவார்.

"அண்ணை, என்ரை விண்ணப்பம் என்ன மாதிரி?"

"மேலிடத்திலை இருக்குத் தங்கச்சி."

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டு லாச்சிகளில் மேல் லாச்சியில்தான் இருந்தது.

மூன்றாம் முறை வந்தபோது காரணத்தையும் சொன்னார். "வாற ஆவணியிலை தங்கச்சிக்குக் கலியாணம். வீடு அவளுக்குச் சீதனமா எழுதியாச்சு. எனக்கு ஒரு அறை இருக்கு, அதிலை ஒரு குறையுமில்லை. ஆனா புதுமாப்பிளை இருக்கிற வீட்டு முன்னறையிலை நான் ஊராக்களைக் கூட்டிவைச்சுப் படிவம் எழுதேலாது. அதுதான் அந்தரப்பட்டு அவசரமாக் கேக்கிறன்."

"விளங்குது, விளங்குது" என்றேன். விளங்கியது என்னவென்றால், ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதுதான்.

இப்படி இருக்கும்போது கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உடல் வலுவிழந்தோர் பற்றிய எங்கள் மனப்பாங்கை மாற்றுவதற்கு ஒருநாள் செயலமர்வு. வெறும் பேச்சு இல்லையாம். உத்தியோகத்தர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவேண்டும், சில்லுக்கதிரையில் அமர்ந்து அதை ஓட்டவேண்டும். அப்படி அவர்களுடைய நிலையைத் தாமே உணர்ந்தால் மனம் மாறிவிடும் என்று கடிதம் சொன்னது. ஒழுங்குபடுத்தும் பொறுப்பு எனக்கு. எங்கள் பிரதேச செயலாளர் ஒரு மேடம். நல்ல மனிதர். எதற்கும் உடனே கண் கலங்கக்கூடியவர். "உங்கடை யன்னலடிக்கு வாற அந்தச் சில்லுக்கதிரைப் பிள்ளையையும் ஒரு அஞ்சு நிமிசம் பேசக் கூப்பிடுங்கோ" என்றார்.

செயலமர்வுக்கு முந்திய வாரம் முழுக்கப் பதாகையில் என்ன எழுதுவது என்பதிலேயே போனது. "மாற்றுத்திறனாளிகள்" என்று மேடம் சொன்னார். "விசேட தேவையுடையோர்" என்பதே சரி என்று கணக்காளர் சுற்றறிக்கையைக் காட்டினார். "வலுவிழந்தோர்" என்றுதான் கடிதத்தில் இருக்கிறது என்றேன் நான். ஒருவர் மனதையும் புண்படுத்தக்கூடாது என்பதால் மூன்றையும் சாய்கோடு போட்டுப் பிரித்து அச்சடித்தோம். எழுத்துக்கள் சிறுத்து, பதாகையை வாசிக்க அதன் கிட்டப்போய் நிற்கவேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணிடம் எந்தச் சொல் விருப்பம் என்று கேட்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது நிறைகுடம். எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியம் நிறைகுடம் வைக்காமல் தொடங்காது. வாசற்படி ஒடுக்கம். போனமுறை ஒரு சேலைத் தலைப்பு பட்டுக் குத்துவிளக்குச் சரிந்ததில் பெரிய கரைச்சல். இந்தமுறை அகலமான, கண்ணுக்கு எடுப்பான இடமாகப் பார்த்தேன். சாய்வுப்பாதையின் தலைமாடு கண்ணில் பட்டது. மோட்டார் சைக்கிளை அன்று மட்டும் பின்பக்கம் விட்டுவிட்டு, அந்தத் தலைமாட்டில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தலைவாழையிலையில் நெல் பரப்பி, குடத்தை வைத்து, மாவிலை செருகி, தேங்காய் இருத்தி, இரண்டு பக்கமும் ஆளுயரக் குத்துவிளக்கு நிறுத்தினேன். இருபத்திரண்டு வருடச் சேவையில் நான் செய்த மிக அழகான வேலை அதுதான். கைபேசியில் ஆறு படம் எடுத்தேன்.

விளக்கேற்றி முடிந்து, எல்லோரும் சந்தனப்பொட்டோடு நின்றபோது ஓட்டோ வந்தது. அந்தப் பெண் இறங்கினார். நல்ல நீலச் சேலை. மடியில் ஒரு கோவை. கதிரையை உருட்டிக்கொண்டு சாய்வுப்பாதையின் அடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணை, நல்ல வடிவா இருக்கு" என்றார். "நான் எதாலை வாறது?"

செயலமர்வை நடத்தக் கொழும்பிலிருந்து வந்த வளவாளர் தன் சப்பாத்தைப் பார்த்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் மெலிந்த பொடியன், எல்லோரையும் "அன்பர்களே" என்று கூப்பிடுகிறவர். மேடம் என்னைப் பார்த்தார். நான் உதவியாளரைப் பார்த்தேன்.

"வைச்ச குடத்தை நிகழ்ச்சி முடிய முந்தி அரக்கக் கூடாது" என்றார் உதவியாளர் உறுதியாக. "விளக்கும் ஏத்தியாச்சு. நாலு பேர் வாருங்கோ, பிள்ளையைக் கதிரையோடை தூக்கிப் படியாலை கொண்டுவருவம்."

"என்னைத் தூக்கிறதிலும் பாக்கக் குடத்தைத் தூக்கிறது லேசு, ஐயா."

"குடத்தைத் தூக்கினாக் குறை வந்திடும், பிள்ளை."

"என்னைத் தூக்கினா?"

"உமக்கென்ன, நாங்கள் கவனமாத் தூக்குவம்."

அவர் கதிரையைத் திருப்பினார். "வேண்டாம். போனமாசம் ஒரு இடத்திலை இப்பிடித்தான் கவனமாத் தூக்கிக் கவனமாப் போட்டவை. நான் வேம்படியிலை நிக்கிறன். நீங்கள் உள்ளுக்கை போய் உணருங்கோ. நான் பேசிற நேரம் வந்தாக் கூப்பிடுங்கோ."

நாங்கள் உள்ளே போய் உணரத் தொடங்கினோம்.

முதலில் கண் கட்டும் பயிற்சி. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள, இன்னொருவர் கையைப் பிடித்து நடத்தவேண்டும். சீட்டுக் குலுக்கியதில் மேடத்துக்கு வாய்த்த துணை எங்கள் உதவியாளர். "மேடம், இதிலை ஒரு படி. காலைத் தூக்குங்கோ" என்றார். மேடம் தூக்கினார். மண்டபத்தில் படியே கிடையாது. ஒரு சுற்றுக்குள் மூன்று முறை தூக்க வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "முப்பது வருசச் சேவையிலை நான் சொல்லி ஒரு பெரியாள் காலைத் தூக்கினது இண்டைக்குத்தான், தம்பி" என்று காதுக்குள் சொன்னார். கணக்காளர் கண்கட்டை அவிழ்த்து, இனித் தன் வாழ்நாளில் வெளிச்சத்தின் அருமையை மறக்கமாட்டேன் என்று உருகினார். மத்தியானம் சாப்பிட்டதும் தன் மேசையில் வழமைபோலக் கண்ணை மூடிவிட்டார்.

பிறகு சில்லுக்கதிரை. எங்கேயோ இரவல் வாங்கிவந்த கதிரை ஒன்று. மண்டபத்திலிருந்து நடைபாதை வழியாகக் கழிப்பறை வரை போய்த் திரும்பவேண்டும், நேரம் பதினைந்து நிமிடம். யார் வருகிறீர்கள் என்று வளவாளர் கேட்டதும் கையைத் தூக்கினேன். "மோட்டச்சைக்கிள் ஓடுறவனுக்கு உது ஒரு கதையே" என்று வேறு சொன்னேன்.

கதிரை நகர மறுத்தது. இரண்டு கைகளாலும் சில்லை உந்தினேன். ஒரு முழம் போய் நின்றது. இன்னும் உந்தினேன். இன்னுமொரு முழம். முதுகில் வியர்வை ஓடியது. நடைபாதையில் பழைய கோவைகள் வைத்த அலுமாரி ஒன்று முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. இத்தனை வருடமாக அதைத் தாண்டி நடந்தவனுக்கு அன்றுதான் அது அங்கே நிற்பதே தெரிந்தது. கழிப்பறை வாசலில் கதிரை பாதி உள்ளே, பாதி வெளியே இறுகிக்கொண்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. உள்ளங்கை எரிந்தது. உள்ளே தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் வாழ்க்கை இந்தக் கழிப்பறை வாசலோடு முடிந்துவிடப் போகிறது என்று மெய்யாகவே நினைத்தேன்.

நடைபாதை யன்னலுக்கு வெளியே வேம்படி. அங்கிருந்து குரல் வந்தது.

"அண்ணை, பிறேக்கை விடுங்கோ."

"என்னது?"

"பிறேக். வலக்கைப் பக்கம் சில்லோடை ஒரு தடி இருக்கு. போட்டபடியே ஓடிவந்திருக்கிறியள்."

தடவிப் பார்த்தேன். இருந்தது. தட்டினேன். அதுவரை முழு மூச்சோடு பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்த நான் கதிரையோடு பின்னால் பறந்து போய் அலுமாரியில் மோதினேன். முழங்கைத் தோல் போனது. என் மடியில் பழைய கோவை ஒன்று வந்து விழுந்தது.

"மெல்லமா, அண்ணை" என்றது யன்னல்.

மண்டபத்துக்குத் திரும்பியதும், அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் அன்பர்களே என்றார் வளவாளர். ஒலிவாங்கியைக் கையில் வாங்கியவுடன் எனக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. "இது நரகம்" என்றேன். "பதினைந்து நிமிடத்தில் நான் நரகத்தைக் கண்டேன். வாழ்நாள் முழுவதும் இதில் இருப்பவர்களின் வேதனையை இன்று என் உடம்பால் அறிந்தேன்." அதற்குமேல் முடியாமல் தேம்பினேன். மேடமும் கண்ணைத் துடைத்தார். இந்தக் கண்ணீர்தான் இன்றைய செயலமர்வின் வெற்றி என்று வளவாளர் சொல்லிச் சான்றிதழைத் தர, எல்லோரும் கைதட்டினார்கள். பிறேக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவில் பிறேக்கைக் கொண்டுவந்தால் அழுகை கெட்டுவிடும்.

கடைசியாக அந்தப் பெண்ணின் பேச்சு. ஒலிவாங்கி வயர் மண்டப யன்னல் வரைதான் எட்டியது. யன்னல் கம்பிக்கு இடையால் நீட்டினோம். அவர் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த விறாந்தையிலை ஒரு மேசை போட நான் விண்ணப்பம் தந்திருக்கிறன். மூண்டடிக்கு ரெண்டடி. மூண்டு மாசமாச்சு. ஆவணிக்குப் பிறகு வீட்டிலை இருந்து என்ரை தொழிலைச் செய்யேலாது. அதைப் பாத்து ஒரு முடிவு சொன்னா நல்லது. நன்றி."

மண்டபம் அதிரக் கைதட்டினோம். எவ்வளவு தன்னம்பிக்கை என்றார் வளவாளர். உணர்வுபூர்வமான பேச்சு என்றார் மேடம். ஒரு பொன்னாடையை மடித்துக் கம்பிக்கு இடையால் கொடுத்தோம். விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அந்த நேரம் என் லாச்சி நினைவுக்கு வரவில்லை, நரகத்தின் நினைவாகவே இருந்தேன்.

அன்று மாலை வீட்டில் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். உணர்தலை விட்டுவிடாமல் தொடரவேண்டும் என்ற வேகத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். பொரித்த மோர்மிளகாய் இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டேன். கண் திறந்தபோது மனைவி செம்பில் தண்ணீரோடு நின்றார். "இதையும் அவையள் கண் மூடிக்கொண்டே சாப்பிடுறவை?" என்றார். "தொட்டுப் பாத்து, மணந்து பாத்துத்தானே சாப்பிடுவினம்." நான் செம்பை வாங்கி மடக்கு மடக்கென்று குடித்தேன்.

மறுநாள் காலை, உள்ளம் இன்னும் ஈரமாக இருக்கையில், லாச்சியைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தேன். மூன்று மாதம் கிடந்த கோவையில் ஒரே மூச்சில் குறிப்பு எழுதினேன். "விண்ணப்பதாரியின் உடல்நிலையை நான் நேரடியாக உணர்ந்தவன் என்ற வகையில், தினமும் பிரயாணம் செய்து இங்கே தொழில் புரிவது அவருக்குத் தாங்கமுடியாத துன்பத்தைத் தரும் எனக் கருதுகிறேன். எனவே மனிதாபிமான அடிப்படையில் அனுமதியை மறுத்து, பதிலாக மாதாந்தம் உலர் உணவுப் பொதி வழங்கச் சிபாரிசு செய்கிறேன்." ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் தெளிவாக எழுதிய முதற் குறிப்பு. கோவையை மேடத்தின் மேசைக்கு அனுப்பிவிட்டு, விறாந்தைக்குப் போய், நிழலில் நின்ற என் மோட்டார் சைக்கிளின் தூசியைத் தட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தார். இந்தமுறை நான் யன்னலுக்குள் இருந்து பேசவில்லை. எழுந்து விறாந்தைக்குப் போய், குனிந்து, ஆஸ்பத்திரியில் நோயாளியோடு கதைக்கிற குரலில் விசயத்தைச் சொன்னேன். இனி அவர் ஒன்றுக்கும் அலையத் தேவையில்லை, பொதி வீட்டுக்கே வரும் என்றேன். நன்றி சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கை சில்லை இறுக்கிப் பிடித்தது. ஆனால் குரல் ஏறவில்லை.

"நீங்கள் எவ்வளவு நேரம் கதிரையிலை இருந்தனீங்கள், அண்ணை?"

"பதினைஞ்சு நிமிசம்."

"நான் இருபத்தாறு வருசம். பதினாறாவது நிமிசத்திலையிருந்து பழகிப்போடும்."

நான் முழங்கைக் காயத்தைக் காட்டினேன்.

"நீங்கள் கஷ்டப்பட்டது மெய்தான். பிறேக்கைப் போட்டுக்கொண்டு ஓடினா நானும் கஷ்டப்படுவன். எனக்குப் பொதி வேண்டாம். எழுதினதை மாத்தேலுமோ, ஏலாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ. ஏலாதெண்டா நான் வேறை இடம் பாக்கவேணும். ஆவணிக்கு எத்தினை நாள் இருக்கு?"

"பாப்பம்" என்றேன். அரச சேவையில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். என் மோட்டார் சைக்கிளை ஒட்டிக்கொண்டு கதிரையைத் திருப்ப இடம் போதவில்லை. இரண்டு முறை முன்னும் பின்னும் ஆட்டித்தான் திரும்பிப் போனார்.

தூணடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உதவியாளர், பீடாவைக் கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்கினார். "உம்மடை மனம் பெரிய மனம், தம்பி. அந்தப் பிள்ளைக்கும் பாவப்பட்டு, மோட்டச்சைக்கிளுக்கும் பாவப்பட்டிருக்கிறீர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அழுதது முழுக்க என்னுடைய பதினைந்து நிமிடத்துக்காக. அந்தப் பெண் வேலை செய்வதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதுமில்லை. கேட்பதைவிடக் கண்ணைத் துடைப்பது சுகமாக இருந்தது. அந்தக் கண்ணீரும் கிழக்கு மூலையைச் சுற்றிக்கொண்டு கவனமாகத்தான் ஓடியிருக்கிறது.

மேடத்தின் அறைக்கு ஓடினேன். கோவை விரித்தபடி அவர் முன்னால் இருந்தது. பேனை கையில்.

"வாங்கோ, உங்கடை குறிப்பைத்தான் வாசிக்கிறன்" என்றார். "நல்ல மனசோடை எழுதியிருக்கிறியள். எனக்கும் அண்டைக்குக் கண் கட்டினது நினைவு வந்திட்டுது. ஐயோ பாவம், அந்தப் பிள்ளையை ஏன் அலைய விடுவான்? கையெழுத்து வைக்கப்போறன்."

"வைக்காதேங்கோ மேடம். நான் எழுதினது பிழை."

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "முந்தநாள் ஒரு மாதிரி, இண்டைக்கு ஒரு மாதிரியோ?"

"முந்தநாள் உணர்ந்தனான் மேடம். இண்டைக்குத்தான் யோசிச்சனான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லாச்சியில் கிடந்த மூன்று மாதத்தை, பிறேக்கை, மோட்டார் சைக்கிளை. பிறேக் என்று சொன்னபோது மேடத்தின் வாயோரம் துடித்தது. மோட்டார் சைக்கிள் என்றபோது துடிப்பு நின்றுவிட்டது.

"உதெல்லாத்தையும் எழுத்திலை தாங்கோ" என்றார்.

கோவையில் எழுதிய குறிப்பைக் கிழிக்க முடியாது, பக்க இலக்கம் விழுந்துவிட்டது. அதற்குக் கீழேதான் எழுதவேண்டும். மேடத்தின் மேசையோரத்தில் நின்றபடியே எழுதினேன். "மேலே நான் எழுதியது தவறு. மேற்படி துன்பம் விண்ணப்பதாரிக்கு உரியதல்ல, எனக்கே உரியது. காரணம், பிறேக்கை விடுவிக்கத் தவறியமை. விண்ணப்பதாரி இத்தொழிலை வீட்டில் ஏற்கனவே செய்து வருகிறார். கோரப்பட்ட இடத்தில் தற்போது நிற்பது எனது மோட்டார் சைக்கிள். அதை உடனடியாக அகற்றச் சம்மதிக்கிறேன். அனுமதி வழங்கச் சிபாரிசு செய்கிறேன்." தவறு என்ற சொல்லைச் சேவையில் அன்றுதான் முதன்முறையாக எழுதினேன்.

மேடம் இரண்டு முறை வாசித்தார். கைக்குட்டையை எடுத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன், அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அனுமதி ஆறு மாதத்துக்கு, பிறகு நீடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அன்று பின்னேரத்துக்குள் அந்தக் குறிப்பு எப்படியோ கைபேசிப் படமாகி மாவட்டத்தின் பாதி அலுவலகங்களுக்குப் போய்விட்டது. சாவகச்சேரியில் வேலை செய்கிற என் மைத்துனர் தொலைபேசி எடுத்து, "பிறேக்கை விட்டாச்சோ?" என்று கேட்டார்.

ஆடி பிறந்து ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண் வந்து தொழிலைத் தொடங்கினார். களஞ்சிய அறையிலிருந்து வாத்தியாரின் மேசையை உதவியாளர்தான் எடுத்துத் துடைத்துப் போட்டார். நிறைகுடம் வைக்கட்டோ என்று கேட்டாராம், வேண்டாம் ஐயா, வழி இருக்கட்டும் என்றாராம் அந்தப் பெண். பத்து மணிக்குள் விறாந்தையில் பதினைந்து இருபது பேர் வரிசையில். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தகப்பன் பெயர் இருந்த படிவங்கள் என் யன்னலுக்கு வரத் தொடங்கின. என் மோட்டார் சைக்கிள் வெயிலில் நின்றது. மத்தியானம் வீடு போக, இருக்கையில் ஒரு ஈரச்சாக்குப் போடவேண்டியிருந்தது.

ஆனால் என் மனம் ஆறவில்லை. அவரிடம் நேரே மன்னிப்புக் கேட்கவேண்டும். அதற்காக இரண்டு நாள் யோசித்து, வசனங்களை மனதுக்குள் அடுக்கி, புதன்கிழமை பதினொரு மணிக்கு நானும் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தோட்டக்காரர். வெங்காயச் செய்கை நட்ட ஈட்டுப் படிவம். அவர் சொல்லச் சொல்ல, இவருடைய பேனை நில்லாமல் ஓடியது. இடையில் ஒருமுறை நிறுத்தி, "அப்பு, காணி உறுதி உங்கடை பேரிலையோ, அம்மாவின்ரை பேரிலையோ?" என்று கேட்டு, ஒரு பெரிய பிழை நடக்கவிருந்ததைத் தடுத்தார். அந்தப் பிழையோடு என்னிடம் வந்திருந்தால் நான் கண்டுபிடிக்க நாலு மாதம் சென்றிருக்கும்.

என் முறை வந்தது. மேசைக்கு முன்னால் போட்டிருந்த வாங்கில் அமர்ந்தேன்.

"படிவத்தைத் தாங்கோ, அண்ணை" என்றார் நிமிராமலே.

"படிவம் இல்லைத் தங்கச்சி. ஒரு விசயம் கதைக்கவேணும்."

அவர் பேனையை வைத்தார். நான் தொடங்கினேன். லாச்சியில் தொடங்கி நிறைகுடத்துக்கு வந்தேன். உங்களை வெளியில் நிற்கவிட்டு உள்ளே உங்களுக்காக அழுதவன் என்றேன். நான் எழுதிய முதற் குறிப்பை நினைத்தால் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றேன், அது முழு உண்மையில்லை, காலையில் ஐந்து இடியப்பம் சாப்பிட்டிருந்தேன். இனி நான் ஒரு புது மனிதன் என்றேன். கைக்குட்டையைத் தேடினேன். எனக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். அதைக் கேட்டும் நிறுத்த முடியாமல், உங்களைப் போன்றவர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ளவேண்டியது நிறைய இருக்கிறது என்ற இடத்துக்கு வந்து, நீங்கள் என்னை மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று முடித்தேன்.

அவர் என் தோளுக்கு மேலால் வரிசையைப் பார்த்தார். பேனையின் மூடியைக் கழற்றினார்.

"அடுத்த ஆளுக்கு இடம் விடுங்கோ, அண்ணை."